வண்டிக்குள் படுக்கை மேடை: சத்தம், தொய்வு, ஈரம் வந்தால் எங்கே பார்ப்பது

ஆஃப்ரோடு வண்டியின் பின்னிருக்கையை மடக்கி, பிளைவுட்டில் ஒரு மேடை அடித்து, மேலே மெத்தையை விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். கல்லும் குழியுமான பாதையில் ஒரு நாள் போய்வந்த பிறகுதான் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

வீட்டுக் கட்டில் போட்ட இடத்தில் நிற்கும். இந்த மேடை இரவில் சில மணி நேரம்தான் கட்டில். மற்ற நேரமெல்லாம் அது குலுங்கிக்கொண்டே போகும் ஒரு சுமை. கட்டிலாக நினைத்தால், எந்தப் பழுது வந்தாலும் பலகையை இன்னும் தடிமனாக்கலாம் என்றுதான் கை போகும். சுமையாக நினைத்தால், வண்டியோடு அது எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். நான் இதுவரை மூன்று மேடைகள் செய்திருக்கிறேன். மூன்றிலும் தொல்லையின் பெரும்பகுதி பலகையில் இல்லை, பிடிமானத்தில்தான் இருந்தது.

தேடத் தொடங்கும் முன் மெத்தையையும் சாமான்களையும் முழுக்க இறக்கிவிடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஒரு ரசமட்டம், அளவு நாடா, ஒரு துண்டு நூல், சாக்பீஸ், ஸ்பானர் இவ்வளவு போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நான்கு போல்ட்டை முறுக்கி, ரப்பரும் வைத்து, மெழுகும் தேய்த்தால் சத்தம் நிற்கலாம். ஆனால் எதனால் நின்றது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி வரும்.

காலையில் எழுந்தால் தலைவலி, தலை பாரம், குமட்டல்

இதை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். கூட இருப்பவர்களையும் வெளியே இழுத்துவிடுங்கள். அறிகுறி குறையவில்லை என்றாலோ, யாராவது மயங்கினாலோ மருத்துவ உதவிதான் அடுத்த வேலை.

காரணம் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வண்டிக்குள் அடுப்போ, கரியோ, எரிவாயு ஹீட்டரோ எரித்தீர்களா? குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டபடியே தூங்கினீர்களா? பின்கதவு லேசாகத் திறந்திருக்க இன்ஜின் ஓடினால் புகை உள்ளே வந்துவிடும். மேடையைப் பிடிக்கத் தரையில் துளை போட்டு அதை அடைக்காமல் விட்டிருந்தாலும் அது புகைக்கு ஒரு வழி. அந்தத் துளைகளை சீலன்ட் வைத்து அடையுங்கள். சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

எதையும் எரிக்கவில்லை, இன்ஜினும் ஓடவில்லை, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுத் தூங்கினீர்கள் என்றால் அது மூச்சுக்காற்று தேங்கிய புழுக்கமாக இருக்கலாம். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் அகலம் இறக்கிவிட்டால் சரியாகும்.

பிரேக் அடித்தால் மேடை முன்னால் நகர்கிறது

அரை அங்குலம்தானே என்று விடாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போலச் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 40 கிலோ மேடை 800 கிலோ போல இழுக்கும். அதன் முன்னால் இருப்பது உங்கள் முதுகு.

முதலில் மேடையை இழுத்துக் கட்டியிருக்கும் பட்டையின் கோணத்தைப் பாருங்கள். மேடையிலிருந்து நேராகக் கீழே தரை வளையத்துக்குப் போகும் பட்டை மேடை எகிறாமல் பிடிக்கும், முன்னால் நழுவுவதைத் தடுக்காது. முன்னும் பின்னுமாகச் சாய்வில் இழுத்துக் கட்டினால்தான் இரண்டு பக்கமும் பிடிக்கும். பின்னிருக்கையை மடக்காமல் கழற்றியே இருந்தால் இன்னும் நல்ல வழி, அதன் போல்ட் இடங்களையே பயன்படுத்துவது. இருக்கையையும் அதில் உட்காரும் ஆளையும் தாங்கச் செய்த இடங்கள் அவை. நல்ல தடிமனான இரும்பு ஆங்கிளை அங்கே முறுக்கி, அதன்மேல் மேடையைப் பூட்டுங்கள்.

சீட் பெல்ட் போல்ட்டுக்கு அடியில் மரத்தை வைத்து முறுக்கியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மரம் நாளாக ஆக நசுங்கும், போல்ட்டின் இறுக்கம் போய்விடும். அந்தப் பெல்ட்டை யாராவது நம்பி மாட்டுவார்கள்.

புதிதாகத் துளை போடத்தான் வேண்டும் என்றால், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். பின்தரைக்குக் கீழேதான் பெரும்பாலும் எரிபொருள் தொட்டியும், பிரேக் குழாயும், வயர்க்கட்டும் போகின்றன.

ஓடும்போது சத்தம்

மேடை செய்த எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அதிகமாகத் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

முதலில் சத்தம் மேடையுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். ஜாக்கி, அதன் கைப்பிடி, வீல் ஸ்பானர், தொங்கும் சீட் பெல்ட் கொக்கி, சரியாகப் பூட்டாத மடக்கு இருக்கை எல்லாம் அதே மூலையிலிருந்து அதே சத்தத்தைத்தான் எழுப்பும். என் இரண்டாவது மேடையில் ஒரு வாரம் தேடினேன். ஒவ்வொரு மூலையிலும் ரப்பர் வைத்தேன், ஒரு காலை வெட்டி மாற்றினேன். கடைசியில் பக்கவாட்டு உறைக்குள் இருந்த ஜாக்கியின் பிடிதிருகு அரைச்சுற்று தளர்ந்திருந்தது. அதனால் ஜாக்கியையும் கருவிகளையும் வெளியே எடுத்துவிட்டு, அதே பாதையில் அதே வேகத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் மேடையைத் தொடலாம்.

என்ன மாதிரிச் சத்தம் என்று காது கொடுத்துக் கேளுங்கள். கீச்சுக் கீச்சென்றால் இரண்டு பரப்புகள் அழுத்தத்தோடு உரசுகின்றன. கடகடவென்றால் எங்கோ இடைவெளி இருக்கிறது, ஏதோ ஒன்று தாராளமாக ஆடுகிறது. குழியில் இறங்கும்போது மட்டும் டம்மென்று ஒற்றை அடி விழுந்தால், மேடை முழுசாக எழும்பி விழுகிறது, அல்லது டிராயர் போய் முட்டுகிறது.

கீச்சுச் சத்தத்தைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரலை நம்புங்கள். ஒருவர் பின்பம்பரில் ஏறி வண்டியை மெதுவாக அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் உள்ளே இருந்து ஒவ்வொரு மூட்டிலும், விரல் நுனியின் பாதி ஒரு மரத்திலும் மறுபாதி அடுத்த மரத்திலும் படும்படி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் அசைவும் விரலில் வழுக்கிக்கொண்டு தெரியும். ஆள் இல்லையென்றால் சாக்பீஸ். சந்தேகப்படும் மூட்டுகளின் ஓரமெல்லாம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்து மரம் பளபளவென்று தெரிகிறதோ, அங்கேதான் உரசல்.

இடம் தெரிந்த பிறகு தீர்வு இரண்டே இரண்டுதான். இரண்டு மரங்களும் அசையவே முடியாதபடி பசையும் போல்ட்டும் போட்டு ஒன்றாக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஃபெல்ட்டோ ரப்பரோ கொடுத்து, ஒன்றை ஒன்று தொடாமல் பிரித்துவிட வேண்டும். பாதி இறுக்கம், பாதி தொடுதல் என்று நடுவில் விட்டால் சத்தம் திரும்ப வரும். பயணத்தின் நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள். மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும், புழுதி வந்து ஒட்டும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி மூட்டைத் தேய்த்துவிடும்.

கடகடச் சத்தத்துக்குக் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு தடித்த அட்டையைச் செருகிப் பாருங்கள். மூன்று கால்களில் அட்டை நுழையாமல், ஒன்றில் மட்டும் சுலபமாக உள்ளே போனால் அந்தக் கால் தரையைத் தொடவில்லை. அதற்கு மரத்துண்டு வைப்பதைவிடக் கெட்டி ரப்பர் வையுங்கள்.

சமதளத்தில் எல்லாம் சரியாக இருந்தும் கரடுமுரடான பாதையில் மட்டும் சத்தம் வருகிறதென்றால் வண்டியின் உடல் முறுக்குவதுதான் காரணம். ஒரு சக்கரம் மட்டும் பாறையில் ஏறி நிற்கும்போது சில வண்டிகளின் கதவு வழக்கம்போல மூடாது, கவனித்திருப்பீர்கள். வண்டியின் கூடு அந்த அளவுக்கு வளைகிறது. நான்கு மூலையும் அசையாமல் பூட்டிய விறைப்பான மேடை அந்த வளைவுக்கு ஈடுகொடுக்காது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். துளை நீள்வட்டமாகும், அல்லது திருகாணி பிடுங்கிக்கொண்டு வரும். பின்பக்கத்து இரண்டு பிடிமானங்களில் கெட்டி ரப்பர் வாஷர் கொடுத்தால் பெரும்பாலும் தீரும். மேடையின் ஓரத்துக்கும் பக்கவாட்டு உறைக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியும் வேண்டும்.

போல்ட் திரும்பத் திரும்பத் தளர்கிறது

பிளைவுட்டின் விளிம்பில், அடுக்குகள் தெரியும் பக்கத்தில், திருகாணி போட்டிருந்தால் அது நிற்காது. அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பலகையைப் பிளக்கும். பலகையின் முகத்தில் துளைத்து, மறுபக்கம் அகலமான வாஷரும் நைலான் லாக் நட்டும் போடுங்கள். காலுக்கு அடியில் கார்பெட் இருந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் போகும். அந்த இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள்.

முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பலகைவரை பெயின்ட் மார்க்கரால் நேராக ஒரு கோடு இழுங்கள். அடுத்த முறை ஸ்பானரே வேண்டாம். கோடு உடைந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது, ஒரு பார்வையில் தெரிந்துவிடும். புது மேடையை முதல் 50 கிலோமீட்டரிலும், பிறகு 200 கிலோமீட்டர் வாக்கிலும் ஒரு சுற்று பார்த்துவிடுவது நல்லது.

படுத்தால் நடுவில் தொய்கிறது

ஒருவரைப் படுக்கவைத்து, பலகைக்கு அடியில் ஒரு தாங்கியிலிருந்து அடுத்த தாங்கிவரை நூலை இழுத்துக் கட்டி, நடுவில் பலகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஐந்து மில்லிமீட்டர் வரை மெத்தைமேல் தெரியாது. அதற்கு மேல் போகப் போக முதுகு சொல்லும்.

உடனே 12 மில்லிமீட்டர் பலகையைக் கழற்றிவிட்டு 18 போட வேண்டாம். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அதாவது 18 மில்லிமீட்டர், 12-ஐவிட மூன்றேகால் மடங்குக்கும் கொஞ்சம் அதிகம் விறைப்பு. ஆனால் எடையும் ஒன்றரை மடங்கு. அதே 12 மில்லிமீட்டர் பலகைக்கு நடுவில் ஒரு ரீப்பர் சட்டம் கொடுத்துத் தாங்கிகளின் தூரத்தைப் பாதியாக்கினால், நடுவில் ஆள் உட்காரும்போது வரும் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். கூடும் எடை ஒன்றிரண்டு கிலோதான். நான் எப்போதும் சட்டத்தின் பக்கம்தான்.

பலகையின் மேல்தாளில் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்றும் பாருங்கள். ஒரு தாங்கியிலிருந்து அடுத்த தாங்கியை நோக்கி நார் ஓட வேண்டும். குறுக்காக வைத்துவிட்டால் மெல்லிய பலகை சுலபமாக வளையும்.

மடக்கு மேடையில் கீல் வரும் இடம் இன்னொரு சிக்கல். படுத்திருப்பவரின் எடை இடுப்பிலும் தோளிலும்தான் குவிகிறது. கீல் சரியாக இடுப்புக்குக் கீழே வந்தால் எவ்வளவு சட்டம் கொடுத்தாலும் அங்கே ஒரு பள்ளம் தெரியும். பலகையை மறுபடி பிரித்து வெட்டியாவது கீலைத் தொடைக்குக் கீழே, முழங்காலை ஒட்டித் தள்ளிவிடுங்கள்.

மெத்தைக்கு அடியில் ஈரம், கரும்புள்ளி, வாடை

இது மழைத்தண்ணீரா, நம் உடம்பின் ஈரமா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மழை பெய்தாலோ வண்டியைக் கழுவினாலோ மட்டும், அதுவும் ஒரே மூலையில் நனைந்தால், கதவு ரப்பரையோ கூரைப் பிளவையோ பாருங்கள். மழையே இல்லாமல், எல்லாக் கண்ணாடிகளிலும் உள்பக்கம் நீர் கோத்து, மெத்தைக்கு அடியில் இடுப்பும் தோளும் படுத்த இடத்தில் மட்டும் ஈரம் இருந்தால் அது உங்கள் உடம்பிலிருந்து வந்தது. தூங்கும் ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீரை விடுகிறார். இருவர் படுத்தால் அரை லிட்டர். உடம்புச் சூட்டோடு மெத்தைக்குள் இறங்கும் அந்த ஆவி, குளிர்ந்த பிளைவுட்டைத் தொட்டதும் தண்ணீராகிறது.

காலையில் மெத்தையைத் தூக்கிப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று ஒட்டினால் தொடங்கிவிட்டது. பலகையில் 3 அல்லது 4 சென்டிமீட்டர் துளைகளை வரிசையாகப் போடுவது பலரும் செய்யும் வழி. துளைக்குக் கீழே காற்று நடமாட இடம் இருந்தால்தான் அது உதவும். கீழே டிராயரும் துணிமூட்டையும் அடைந்திருந்தால் எத்தனை துளை போட்டும் பயன் இல்லை. அப்படிப்பட்ட மேடையில் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போகும் முரட்டு வலை விரிப்பைப் போடுங்கள். புதிதாகச் செய்பவர்கள், படுக்கும் பகுதியில் முழுப் பலகைக்குப் பதில் 6, 7 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளை 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

மேடைமேல் அழகுக்காகக் கார்பெட் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடச் சொல்வேன். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது.

கரும்புள்ளி வந்த பலகையை வெளியே எடுத்து, முகமூடி போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, இரண்டு பக்கமும் விளிம்புகளிலும் வார்னிஷ் அடியுங்கள். விளிம்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்குவதும் அந்த வழியாகத்தான். அதற்கு முன் விரல்கணுவால் பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்ற சத்தம் ஓரிடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல மாறினால் அங்கே அடுக்கு பிரிந்துவிட்டது. வார்னிஷ் அதைக் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும்.

இரவெல்லாம் ஒரு பக்கமாகச் சரிகிறேன்

மேடையில் ரசமட்டத்தை வையுங்கள். நீளவாக்கில், குறுக்குவாக்கில் இரண்டும். சமதளத்தில் வண்டி நிற்கும்போதே குமிழ் ஒதுங்கினால் காலின் உயரம் தவறு. அங்கே சரியாக இருந்து முகாமில் மட்டும் சரிந்தால் வண்டி நிற்கும் இடம்தான் பிரச்சினை. தாழ்ந்த பக்கச் சக்கரங்களைத் தட்டையான பலகைமேல் ஏற்றி நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் தூங்கிவிடலாம். பக்கவாட்டுச் சரிவில்தான் தூக்கமே வராது.

கால் நீட்ட முடியவில்லை, உட்கார்ந்தால் தலை இடிக்கிறது

நின்ற உயரத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் சேர்த்து நீளம் வேண்டும். தூங்கும்போது பாதம் நீண்டுகொள்ளும், தலையணையும் இடம் கேட்கும். முன்னிருக்கைகளை முழுக்க முன்னால் தள்ளி, அந்த இடைவெளியை மூடும் மடக்குப் பலகை ஒன்று போடுங்கள். அதற்கு முன்னிருக்கைக் காலடிப் பள்ளத்தில் ஊன்றும் தனிக் கால் கட்டாயம் வேண்டும்.

உயரத்தில் சமரசம் தவிர வழி இல்லை. பெரியவர்களின் உட்கார்ந்த உயரம் பெரும்பாலும் 80 முதல் 95 சென்டிமீட்டர் வரை. மெத்தையின் மேலிருந்து கூரைவரை அவ்வளவு கிடைக்கவில்லை என்றால் டிராயரின் உயரத்தைத்தான் குறைக்க வேண்டும். புரண்டு படுக்கவாவது 60 சென்டிமீட்டர் இல்லையென்றால் அந்த மேடையைக் கழற்றிவிட்டுத் தாழ்த்திக் கட்டுங்கள் என்பேன்.

மேட்டில் ஏறும்போது டிராயர் தானே திறக்கிறது

காந்தப் பூட்டு வீட்டு அலமாரிக்குச் சரி. இங்கே கொண்டியோ தாழ்ப்பாளோ வேண்டும், மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பூட்டுவதாக இருந்தால் இன்னும் நல்லது. டிராயர் ஓடும் பால் பேரிங் தடங்கள் புழுதியில் சிக்கிக்கொண்டால் கிரீஸ் போடாமல், துடைத்துவிட்டு உலர்ந்த மசகு போடுங்கள்.

வண்டி பின்னால் தாழ்ந்துவிட்டது, ஹெட்லைட் மேலே அடிக்கிறது

மேடை இல்லாமலும், சாமானோடும், சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவுவரை அளந்து ஒப்பிடுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்கு 11, 12 கிலோ. 120-க்கு 180 சென்டிமீட்டர் மேல்பலகை மட்டும் 25 கிலோவுக்குப் பக்கம் வந்துவிடும், டிராயர் தனி. வண்டியின் அதிகபட்ச மொத்த எடையைத் தயாரிப்பாளர் பதித்த தகட்டில் பார்த்து, எல்லாவற்றோடும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். தண்ணீர், பேட்டரி போன்ற கனமானவை பின்அச்சுக்கு முன்னால், தாழ்வாக இருக்கட்டும். பின்அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கும்.

காலையில் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது ஏர்பேக் விளக்கு எரிகிறது

பின்கதவைத் திறந்துவைத்துத் தூங்கினால் உள்விளக்கு இரவெல்லாம் எரியலாம். விளக்கின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். ஏர்பேக் விளக்கு, பெரும்பாலும் இருக்கையைக் கழற்றும்போது அடியில் இருந்த கனெக்டரை எடுத்ததன் விளைவு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல், சில நிமிடம் பொறுக்காமல் அந்தக் கனெக்டர்களைத் தொடக் கூடாது. விளக்கு எரிகிறவரை ஏர்பேக் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம், பணிமனையில் காட்டிவிடுங்கள்.

பஞ்சரானால் எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்கிறது

மேடைக்கு அடியில் ஸ்டெப்னியோ, ஜாக்கியோ, ஃப்யூஸ் பெட்டியோ மாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் மேலே பலகையில் ஒரு மூடி வெட்டுங்கள். கை முழங்கைவரை போய், பொருளோடு திரும்பி வரும் அகலம் வேண்டும். வெட்டிய பிறகு விளிம்பைச் சட்டத்தால் பலப்படுத்துங்கள், இல்லையென்றால் அங்கே தொய்யும். முகாமுக்குப் போகும் முன், இருட்டில், டார்ச் ஒன்றோடு, மெத்தையை ஓரமாகச் சுருட்டி, அந்த மூடி வழியாக ஜாக்கியை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பின்கதவை உள்ளிருந்தே திறக்க முடிகிறதா என்பதையும் அதே இரவில் பார்த்துவிடுங்கள்.